உடைந்த இரும்புக்குள் ரோதைமுனியின் குங்குமம்

அன்று அந்த மேட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். தேயிலைக் கொழுந்து ஏற்றும் ட்ரெக்டரை ஓட்டிய நான். பின்னால் ட்ரெய்லரில், மூட்டைகளின் மேல் மாரியாயி அக்கா. கீழே மஸ்கெலியா ரோட்டில் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பாரூக் நானா. கூடவே, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு. தான் எதையும் பார்க்கவில்லை என்று அவர் பிறகு சொன்னார். பார்த்தார்.

ட்ரெய்லரை இழுக்கும் இரும்புப் பின் முறிந்தது. பாதுகாப்புச் சங்கிலி எங்கள் ட்ரெய்லருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ட்ரெய்லர் அப்படியே கீழே ரோட்டுக்கு உருண்டது. அக்கா தேயிலைக்குள் குதித்துவிட்டார், கை முறிந்தது. ஓட்டோ நசுங்கிப்போனது.

முறிந்த பின்னைக் காணவில்லை. கண்டாக்கு, தோட்டத்து மனேஜரான தொரையிடம், "இரும்புப் பின்னே போடாம ஓட்டியிருக்கான். தண்ணி போட்டிருப்பான்," என்றார். நான் குடிப்பதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று படுத்த பிறகும் எழும்பிப் பார்க்கிறவன். அந்தப் பின்னில் வெடிப்பு இருக்குமோ என்று முதலிலேயே கண்டாக்கிடம் கேட்டேன். "ஒனக்கு நெழலப் பாத்தாலும் பயம்டா. ஓட்டு," என்றவர் அவர்தான்.

நான் அப்படிக் கேட்ட பிறகு, விபத்துக்குச் சில நாள் முன்னால் ஆயுத பூசை வந்தது. பின்னைக் கழற்றிக் கழுவி, எண்ணெயில் குழைத்த குங்குமம் பூசி, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை பெக்டரியில் மெஷின்களைக் காக்கும் ரோதைமுனிக்கு முன்னால் வைத்தோம். பூசையில் பூசியதை நாங்கள் துடைப்பதில்லை. அதனால் வெடிப்பு கண்ணில் படவில்லை.

ஓட்டோவுக்கு நானே ஈடு கட்ட வேண்டும், வேலையும் இல்லை என்றார்கள். வேலை போனால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் போகும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆபீசில் பேசத் தெரியாது. ரோதைமுனியிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஒன் பூசைக்கு வச்ச இரும்புதானே. நான் போட்டத நீ பாத்தே. இப்ப வாயத் தொறக்க மாட்டியா?" என்று அழுதேன்.

மறுநாள் மாரியாயி அக்கா கைக்கட்டோடு வந்தார். "குதிச்சப்ப விழுந்த காதுத் தோட்டத் தேடிப் போனேன் தம்பி. தோடு கெடைக்கல, இதுதான் செடிக்கடியில கெடந்துச்சு," என்று பின்னின் பாதியை நீட்டினார்.

கண்டாக்கு, "இங்க குடு," என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. நேரே பொலிசுக்குக் கொண்டுபோனேன்.

வாகனங்களைப் பரிசோதிக்கும் ஐயா அங்கே கண்டாக்கையும் கூப்பிட்டார். பின் முறிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பாதி புது இரும்பாக மின்னியது. மறுபாதியில் துரு. துருவுக்குள் சிவப்பு.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பூசைக் குங்குமம் சேர்."

"பூசை எப்போது?"

கண்டாக்குதான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. "போன கிழமை."

"அப்படியானால் குங்குமம் உள்ளே இறங்கும் அளவுக்குப் போன கிழமையே இது வெடித்திருக்கிறது. வெடித்த இரும்பைப் போட்டு ஓட்டச் சொன்னது யார்?"

பிழை தோட்டத்தின் பராமரிப்பில்தான் என்று அந்த ஐயா எழுதினார். என் வேலை நிலைத்தது. காம்பராவும்.

இன்று நான் பழையபடி பயந்து சாகிறவன் இல்லை. சங்கிலி பூட்டாமல் ட்ரெக்டரை எடுக்க மாட்டேன் என்று தொரையின் முகத்துக்கு நேரே சொன்னேன், பூட்டினார்கள். பூசை முடிந்தால் துடைத்துப் பார்க்கிறேன், முனி கோபிக்கவில்லை. உங்கள் மேல் யாராவது பழி போட்டால் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்காதீர்கள். முனியிடம் போய் உரிமையோடு கேளுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார்.

நானும் முனியிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நசுங்கிய ஓட்டோவுக்காகப் பாரூக் நானாவுக்குத் தோட்டம் இன்னும் தர வேண்டிய பாக்கி ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.