எதிர்க் கட்டில் தாத்தா

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்த, பினாயில் நாறும் ஒரு வார்டில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவர்கள் யாரும் பெற்றவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு மூச்சுத்திணறல். வயதான ஆண்கள் வார்டில் கதவோரக் கட்டில். அவருக்குக் காது சுத்தமாக மந்தம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். யார் எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார். மழையா என்றாலும் ஆமாம், வெயிலா என்றாலும் ஆமாம். அம்மா இருந்தவரை வீட்டில் அவருக்கு 'ஆமாம் சாமி' என்றுதான் பெயர். வீட்டில் அது சிரிப்பு. ஆஸ்பத்திரியில் உயிருக்கே உலை வைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் தாத்தாதான். தாத்தா ஊசி, தாத்தா திரும்பிப் படுங்க. மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டை கட்டியிருந்தார்கள். அதைப் படித்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. இருபது கட்டிலுக்கு ஒரே நர்ஸ். நிற்க நேரமில்லாமல் ஓடுவதால் ரயில் சிஸ்டர் என்பார்கள். கெட்டவள் இல்லை. தாத்தா என்று அன்பாகத்தான் கூப்பிடுவாள். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எதிர்க் கட்டில் காலி. விரிப்பு கிடையாது. பச்சை ரெக்சின் மெத்தை மட்டும்.

முதல் நாளே அந்தச் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... கட்டில் கம்பியை யாரோ மோதிரத்தால் தட்டுவது போல. சிஸ்டர் மருந்துத் தள்ளுவண்டியோடு உள்ளே வரும்போது மட்டும்தான் கேட்கும். வண்டிச் சக்கரமாக இருக்கும் என்று நினைத்தேன். வண்டி நின்ற பிறகும் கேட்டது.

மறுநாள் அந்த மெத்தையில் ஒரு பள்ளம். யாரோ படுத்து எழுந்தது போல. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று அவர் காதருகே கத்தினேன்.

"அவரு ஏம்மா வாயே திறக்க மாட்டேங்கிறாரு? சும்மா தட்டிக்கிட்டே இருக்காரு."

"யாருப்பா?"

"எதிர்ல இருக்காரே."

"அங்க யாரும் இல்லப்பா."

"ஆமாம்," என்றார், வழக்கம்போல.

அப்பாவின் காதில் குக்கர் விசில்கூட விழாது. அந்தத் தட்டல் மட்டும் எப்படி விழுந்தது?

அதற்கு அடுத்த நாள் ஸ்கேன். அதற்காக அப்பாவைக் காலையிலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள். மதியம் மூன்று இருபது இருக்கும். வராந்தாவின் கோடிக்குப் போய் ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கதவருகே வந்தபோது, சிஸ்டர் மாத்திரைக் கிண்ணத்தோடு அப்பாவின் மேல் குனிந்திருந்தாள்.

"சுகர் மாத்திரை தாத்தா நீங்கதானே?"

"ஆமாம்."

அப்பாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அந்த மாத்திரை வெறும் வயிற்றில் இறங்கினால் அவர் கண் விழிக்க மாட்டார். சிஸ்டர் என்று கத்த வாயைத் திறந்தேன்.

குரல் வரவில்லை. தொண்டைக்குள் எதுவுமே இல்லாதது போல இருந்தது. காற்றுதான் வந்தது.

டக்... டக்... டக்...

சிஸ்டருக்கும் கேட்டது. சட்டென்று நிமிர்ந்தாள்.

அப்பா வாயைத் திறந்தார். மாத்திரைக்காக இல்லை.

"பேரைக் கேளு."

அது அப்பாவின் குரல் இல்லை.

சிஸ்டர் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்தாள். "உங்க... பேரு என்ன?"

அப்பா ஒரு பெயரைச் சொன்னார். நிதானமாக, தகப்பனார் பெயரையும் சேர்த்து.

அது அப்பாவின் பெயர் இல்லை.

கிண்ணம் விழுந்தது. மாத்திரைகள் உருண்டன... எதிர்க் கட்டிலுக்கு அடியில் போய் நின்றன.

சிஸ்டர் அப்பாவின் கையைத் திருப்பிப் பட்டையைப் படித்தாள். முதல் தடவையாக. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாத்திரை இரண்டு கட்டில் தள்ளியிருந்த இன்னொரு தாத்தாவுடையது. எனக்குக் குரல் திரும்பியதும் வாயில் வந்தபடி திட்டினேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. ஓடி வந்த டாக்டர், ஒன்றும் ஆகவில்லையே, பெரிதாக்காதீர்கள் என்றார். ஒன்றும் ஆகவில்லையாம்.

அப்பாவிடம் கேட்டேன். தான் எதுவுமே பேசவில்லை என்றார்.

ரயில் சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கட்டில்கள் அதே இருபது. நர்ஸ் அதே ஒன்று.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, வார்டைத் துடைக்கும் ஆயாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் கையில் இருந்த துடைப்பான் நின்றது. எதிர்க் கட்டிலைப் பார்த்தார். போன மாதம் அங்கே படுத்திருந்தவர் என்றார். யாருடைய சர்க்கரை மாத்திரையோ அவரிடம் வந்ததாம். அவர் மோதிரக் கையால் கம்பியைத் தட்டித் தட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாராம். கிழவர் அடம் பிடிக்கிறார் என்று கையைப் பிடித்துக்கொண்டு புகட்டிவிட்டார்களாம். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

யார் புகட்டியது என்று கேட்டேன். ஆயா தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"அவராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. இது என்னோடது இல்ல, என் பேரு இதுன்னு."

ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எப்படிம்மா சொல்லுவாரு? தொண்டையில புத்துநோய்னு குரலையே வெட்டி எடுத்துட்டாங்க. இங்க வந்ததுலேர்ந்து அவரு ஒரு வார்த்தை பேசினதில்ல."

அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கதவைத் தாண்டியதும் உள்ளே புது சிஸ்டரின் குரல் கேட்டது. அன்பான குரல்.

"தாத்தா, மாத்திரை."

டக்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காது கேட்காத அப்பாதான் திரும்பிப் பார்த்தார்.