வெங்காயம்போல் நட்ட டியூலிப்

சோற்று உருண்டை வாய்க்குப் போகாமல் மடியில் விழுந்தது. அதுதான் முதல் அறிகுறி. எண்பதுகளின் கடைசியில், கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய கிங்ஸ்பரி வீட்டில், ஒரு ஞாயிறு மதியம்.

"என்னப்பா, சின்னப்பிள்ளை மாதிரி?" என்று என் மனைவி சரோ சிரித்தாள். பதில் சொல்ல முயன்றேன். வாய் கோணியதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

பக்கவாதம் என்றார்கள் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). பேச்சும் காலும் சில வாரங்களில் ஓரளவு திரும்பின. வலக்கை மட்டும் தோளில் மாட்டிய பை மாதிரித் தொங்கியது. அசைவுமில்லை, உணர்வுமில்லை. திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அதுவரை இடக்கையால் சாப்பிடப் பழகச் சொன்னார்.

நாற்பத்தெட்டு வயதில் அது என்னால் முடியவில்லை. கரண்டியைப் பிடித்தாலும் இடக்கை இடக்கைதானே! சரோ வாதாடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து வந்து எனக்குச் சோறு ஊட்டினாள். நான் கூனிக்குறுகிப் போனேன். என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஊட்டி முடித்ததும் தோட்டத்துக்குப் போவாள். வீட்டை எங்களுக்கு விற்ற அம்மையார் விட்டுப்போன நாட்டுப்புறத் தோட்டம் அது. வரிசை கிடையாது. ரோஜாவும் லாவெண்டரும் புதினாவும் முட்டிமோதி நிற்கும். நவம்பரில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒருக்கா உந்தக் கையைத் தாருங்கோ."

"உது செத்த கை."

"மண்ணுக்கு உது காணும். உதுவே போதும்."

டியூலிப் பூச்செடிக் கிழங்கை என் வலக்கைக்குள் வைத்து, தன் கையால் பொத்தி, மண்ணில் அமர்த்தினாள். நாங்கள் இருவரும் கமம், அதாவது விவசாயம் செய்து வெங்காயம் நட்ட யாழ்ப்பாணத்தார். தலை வெளியே தெரிய, வெங்காயம் நடுவதுபோலவே பாத்தி முழுக்க நட்டோம். மறுநாள் பாதியை அணில்கள் தோண்டித் தின்றிருந்தன. எனக்கு அழுகை வந்தது. சரோ அப்போதுதான் கிழங்கு வந்த பைக்கட்டின் பின்பக்கத்தை வாசித்தாள்.

"ஒரு சாண் ஆழமாம்! கமக்காரரின்ர பிள்ளையள் நாங்கள்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மிச்சத்தை மறுபடி நட்டோம். இம்முறை கை மணிக்கட்டு வரை மண்ணுக்குள் போனது. ஐந்தாவதோ ஆறாவதோ குழி.

"சரோ, குளிருதப்பா."

"ஓம், காணும். உள்ளுக்குப் போவம்."

"இல்லையப்பா. வலக்கை விரல் குளிருது."

ஈரத்தையும் பாராமல் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குளிர்காலம் முழுக்க விரல்கள் தாமாக மடங்கவில்லை. அவள் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. தினமும் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினாள். உங்கள் வீட்டிலும் இப்படிக் காத்திருக்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்வேன்: காத்திருப்பதும் ஒரு வேலைதான், அதை நான் அவளிடம் பார்த்தேன்.

ஏப்ரலில் டியூலிப்கள் கோணல்மாணலாகப் பூத்தன. ஜூனில் பெருவிரல் சுட்டுவிரலைத் தொட்டது. களை பிடுங்கப் பழகினேன். ஓகஸ்டில் ஒரு மதியம், ஊட்ட வந்தவளிடம், "வையும், நான் சாப்பிடுறன்" என்றேன். முதல் வாயில் பாதி மேசையில் சிந்தியது. மீதி உள்ளே போனது. மேசையைத் துடைக்கிற சாக்கில் சரோ அழுதாள்.

பல வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரமாகும். சோறு ஆறிவிடும், ஆறட்டும். நவம்பர் வந்தால் இடக்கைக்கு முன்பே வலக்கை குளிரத் தொடங்கும். சரோ கையுறையை நீட்டுவாள்.

"கொஞ்சம் பொறும், குளிரட்டும்" என்பேன்.