அவளும் அதுவும்

எங்கள் பஸ்ஸை ஓட்டும் அக்காவின் வீட்டில் இரண்டு கார். இரண்டையும் தொட அவருக்கு அனுமதி இல்லை. ஊர் சனத்தையே ஏற்றிக்கொண்டு போகிறவர், வீட்டுக் காரில் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கண்டக்டரான எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

ஒன்று மாமனாருடையது. அரதப் பழசு. குரோம் பம்பரில் முகம் பார்த்துக் கிழவர் மீசை சீவுவார். அந்தக் காரை அவர் 'அவ' என்றுதான் சொல்வார். "இன்னைக்கு அவளுக்கு மனசு சரியில்ல, ஸ்டார்ட் ஆகமாட்டா." மருமகள் மட்டும் 'அது'. "அது டூட்டி முடிஞ்சு வந்துடுச்சா?"

இன்னொன்று புருஷனுடைய புது சொகுசு கார். சீட்டே முதுகைப் பிடித்துவிடும். பெண் குரலில் வழி சொல்லும். அந்தக் குரலுக்கு அவன் "சரிங்க" என்று பணிவாகப் பதில் சொல்வான். அக்கா வாயைத் திறந்தால் "சும்மா இரு" என்பான்.

அப்பனும் மகனும் சாப்பிடும்போதுகூட இதே சண்டைதான்.

"உன்னோடது காரே இல்லடா. டிவிக்கு டயர் மாட்டி விட்டிருக்கான்."

"உங்களோடது மட்டும்? காயலான் கடைக்காரன்கூட வேணாம்னுடுவான்."

நடுவில் நின்று பரிமாறுவது அக்கா.

அக்காவுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அந்த வாரம் ஓட்டுவதைப் பார்த்துத்தான் முடிவு. மேலாளர் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார்: "வீட்டுப் பிரச்சினை ரோட்டுக்கு வந்தா, வேலை கிடையாதும்மா."

அந்த வாரம்தான் அது நடந்தது. எங்கள் பஸ் அக்கா வீட்டுக் குறுகலான தெருவில் நுழைந்தது. நடுத்தெருவில் இரண்டு காரும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. மாமனார் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார், மகன் எங்களுக்கு முன்னால் வந்திருக்கிறான். இருவரும் இறங்கி நின்று, யார் பின்வாங்குவது என்று மல்லுக்கட்டினார்கள்.

"பின்னாடி போறது அவளுக்குப் பழக்கமே இல்ல. நீ எடு."

"ஒரு பட்டன் அமுக்கினா என் கார் தானா போயிடும். ஆனா போகமாட்டேன். உங்க டப்பா போகட்டும்."

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். அக்கா ஹாரன் அடித்தார். கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுதானே? நிக்கட்டும்" என்றார்.

மகன் சிரித்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. இறங்கிப் போய் நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது எனக்கு.

அக்கா முதல் கியரைப் போட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பஸ் நெருங்க நெருங்க சொகுசு கார் கீகீ என்று அலறத் தொடங்கியது. பஸ் நிற்கவில்லை. புருஷன் அடித்துப் பிடித்து உள்ளே பாய்ந்தான். அவன் கார் முன்னால் வர, கிழவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தன் காரில் ஏறினார். ரிவர்ஸிலேயே வீட்டுக் கேட்டுக்குள் விட்டவர், தூணில் இடித்து பம்பரை நெளித்துக்கொண்டார். மகனும் பின்னோடு உள்ளே நுழைந்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது. பஸ் போனது.

கடைசி நிறுத்தத்தில் மேலாளர் காத்திருந்தார்.

"ஏன் லேட்டு?"

"தெருவுல ரெண்டு கார் மறிச்சு நின்னுது சார்."

"தெரிஞ்சவங்களா?"

நான் குனிந்து பையில் இருந்த சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

"இல்ல சார்" என்றார் அக்கா.

"போலீஸ்ல புகார் குடுக்கணும். நம்பரையாவது கவனிச்சீங்களா?"

அக்கா இரண்டு நம்பரையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்.