எலி கடித்த ஞாயிறு

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். வேறு எந்த வாரம் வந்திருந்தாலும் மன்னித்திருப்பேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் கோயிலில் மறைக்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ஓர் அட்டை உண்டு. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அதில் ஊதா மையால் ஒரு நட்சத்திரம் குத்துவார்கள். வருஷம் முழுக்க ஒரு கட்டம்கூடக் காலி விடாத பிள்ளைதான் கிறிஸ்துமஸ் பூசையில் பாலன் சுரூபத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக் குடில்வரை நடந்துபோகும். அந்த வருஷம் அப்படிப்பட்ட அட்டை என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஒரே ஒரு கட்டம் பாக்கி. எனக்கு ஒன்பது வயது. தலையணையைப் பாலனாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகி, ஒருமுறை கதவு நிலையில் இடித்துக்கொண்டதும் உண்டு.

அப்படி இருக்கும்போது, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிவிட்டன. டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம் இருக்க, அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். பொன்னுக்கு வீங்கிக்குப் பொன் போட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். மறுநாள் காலையில், "ஜொரத்துல படுத்திருக்கறவங்களுக்குப் பூசை கடன் கிடையாது. பேசாம படு," என்று சொல்லிவிட்டுத் தமிழ்ப் பூசைக்குக் கிளம்பினாள். பூசை முடிந்து அப்படியே சிவாஜிநகர் போய்ப் பண்டிகைத் துணி எடுத்து வருவதாகத் திட்டம்.

அம்மா சொன்ன சட்டத்தை நான் நம்பவில்லை. காரணம் அப்பா. அவருக்கு ஒரு முதுகுவலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்கு மட்டன் கடைக்குப் போகும் நேரத்தில் தானாகப் போய்விடும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்த வலி ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அதற்கு மட்டும் ஓர் அட்டை இருந்திருந்தால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். வேண்டுமென்றே ஞாயிறு பூசையை விட்டால் சாவான பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த 'வேண்டுமென்றே' என் காதில் விழவே இல்லை. ஆக என் கணக்குப்படி அப்பா நரகத்துக்குப் போவது உறுதி. நானும் கூடப் போவதற்குத் தயாராக இல்லை. அதைவிட, பாலன் வேறு யார் கைக்கோ போவார் என்று நினைத்தபோது நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது.

அழுதேன். பொன்னுக்கு வீங்கியோடு அழுவது லேசான காரியமில்லை, தாடையில் உயிர் போகும். வலிக்க வலிக்க அழுதேன். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், கடைசியில் அணைத்தார்.

"எந்திரி. எட்டரைக்குக் கன்னடப் பூசை இருக்கு. உங்கம்மா வர்றதுக்குப் பதினொண்ணாவும்."

எனக்குச் சந்தோஷத்தில் காய்ச்சலே மறந்துபோயிற்று. அப்பா என் தலையில் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டு மேலே மஃப்ளர் சுற்றினார். டிசம்பர் மாதத்து பெங்களூரில் பாதிக் கோயில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடைசி பெஞ்சில் சுவரோரமாக என்னை உட்காரவைத்து, யாரும் கிட்டே வராதபடி அவரே வேலியாக உட்கார்ந்துகொண்டார். நட்சத்திரம் பூசை முடிந்துதான் குத்துவார்கள் என்பதால் நடுவில் நழுவவும் வழியில்லை. முதலில் நிமிஷத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் கன்னடத்தில் பரலோகத்திலிருக்கிற பிதாவை வேண்டத் தொடங்கியபோது, அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. இவருக்கு இது தெரியுமா என்று நான் வாய் பிளக்கப் பார்த்தேன், தாடை இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற அண்ணன் ஒருவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் என் அட்டையில் நட்சத்திரம் குத்தினார். ஜெயித்துவிட்டோம். வரும்போது ஸ்கூட்டரில் அப்பா விசிலடித்தார்.

பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். பைகளை இறக்கிவைத்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பூசை முடிஞ்சு சிஸ்டரப் பாத்துச் சொல்லிட்டேன். சீக்கா இருக்கற புள்ள வீட்ல படுத்திருந்தாலே பூசை கண்ட மாதிரிதானாம். மூணு மணிக்கு அவங்களே வந்து ஸ்டார் குத்தறேன்னாங்க."

அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். குத்த வேண்டிய கட்டத்தில் ஏற்கெனவே நட்சத்திரம் பளபளத்துக்கொண்டிருந்தது.

அம்மா அடுப்படியில் இருந்த நேரத்தில் நாங்கள் இருவரும் குளியலறைக்குள் நின்று, போய்வந்த பூசையை அழிக்க ஆரம்பித்தோம். அப்பா எச்சில் தொட்டுத் தேய்த்தார், நட்சத்திரம் பூசணிக்காயாகப் பரவியது. ஈரத்துணியால் துடைத்தார். கடைசியில் என் பென்சில் பெட்டியிலிருந்த மை அழிக்கும் ரப்பரால் ஓர் அழுத்து அழுத்தினார். மை போய்விட்டது. கட்டமும் போய்விட்டது. அந்த இடத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. காலையில் நட்சத்திரத்துக்காக அழுத நான், மத்தியானம் ஓட்டைக்காக அழுதேன். இனி பாலன் அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சொன்னபடி மூன்று மணிக்கு சிஸ்டர் வந்தார். தனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, பயமில்லை என்று என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன ஓட்டை?"

"எலி, சிஸ்டர்," என்றார் அப்பா.

"நம்ம வீட்ல ஏது எலி?" என்றாள் அம்மா.

சிஸ்டர் அந்த ஓட்டை வழியாகவே அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் நாலு சோற்றுப் பருக்கை கேட்டு வாங்கி, காகிதம் கிழித்துப் பின்னால் ஒட்டி, அதன்மேல் நட்சத்திரத்தை நிதானமாகக் குத்தினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வழியனுப்பப் போன அப்பாவிடம் அவர் வாசலில் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"கன்னடப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்கறது நான்தாங்க. அங்கருந்து பாத்தா கடைசி பெஞ்சு நல்லாத் தெரியும்."

அப்பா கேட் கொண்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"முதுகுவலி இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல சிஸ்டர்," என்றார் அப்பா, மெதுவாக.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது, அம்மா சங்கிலியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் பூசையில் பாலனை ஏந்திக்கொண்டு நடந்தேன், எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. பாதி வழியில் பார்த்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். நான் ஏந்திப்போன பாலன்தான் அப்பாவின் முதுகைக் குணமாக்கினார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா அதை ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. கேட்கும்போதெல்லாம் என் கன்னத்தைத் தடவிக்கொடுப்பாள், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் என்னைப் பூசைக்குக் கூட்டிப்போனார் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.