கொறற்றி கேட்டு வாங்கிய ஒப்பரேசன்

உக்குவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மரிய கொறற்றி முப்பத்து மூன்று வருடம் கொழுந்து சுமந்தவள். மலை அவளுக்குக் கொடுத்த பென்சன், நழுவிப்போன ஒரு முதுகெலும்பு. பத்தடி நடந்தால் கால் மரத்துக் குந்திவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஹாஷிம் அவள் முதுகின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டு விதமா செய்யலாம்மா. நரம்ப நசுக்குற எலும்ப மட்டும் செதுக்கினா சீக்கிரம் எழும்பிருவீங்க. ஆனா பாரம் தூக்கினா மறுபடி நழுவும். மத்தது, ஸ்குரு வச்சு ரெண்டு எலும்பையும் பூட்டுறது. ஆறு மாசம் வேலைக்குப் போக ஏலாது. அதுக்குப் பொறகும் லேசான வேலதான். நீங்க பாரம் தூக்குறீங்களா?"

கொறற்றிக்கு ஆறு மாசம் என்பது மட்டும்தான் காதில் நின்றது. வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்து வேலைப் பதிவில் இருந்தால்தான் குடியிருக்கும் லயத்துக் காம்பரா அவர்களுக்கு. அவள் படுத்தால் மகள் ஜெனிஸ்டா பேர் கொடுக்க வேண்டும். ஜெனிஸ்டாவோ மாத்தளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்து மூன்று மாதம்தான். மகள் ஒரு நாள்கூட மலை ஏறக்கூடாது என்பது கொறற்றியின் வைராக்கியம்.

"இல்லீங்க டொக்டர், வேலய விட்டுட்டேன்" என்றாள், மாதா படத்துக்கு முன்னால் நிற்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு.

"அப்ப செதுக்கினாலே போதும்."

இரண்டு மாதத்தில் கூடையோடு மலையில் நின்றாள். கால் வலி மாயமாய்ப் போயிருந்தது. டொக்டரையே ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு, பைத்தியக்காரிக்கு! ஐந்தாம் மாதம், மழை நாளில், கொழுந்து நிறைந்த கூடையோடு சரிவில் விழுந்தாள். வலது கால் அவள் சொல்வதைக் கேட்கவில்லை.

"ஏம்மா பொய் சொன்னீங்க?" ஹாஷிம் புதுப் படத்தைக் கோபத்தில் மேசையில் போட்டார். "இனி ஸ்குரு வச்சாலும் செத்த நரம்பு வராது."

அடுத்த திங்கட்கிழமை ஜெனிஸ்டா, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினாள். மருந்துக்கடை வேலையை அவள் முந்தின நாளே விட்டிருந்தாள்.

"அழுவாதம்மா. பழகிரும்."

ஸ்குரு வைத்திருந்தால் மகள் மலை ஏறுவது ஆறே மாதம். அதன் பிறகு கொறற்றி நாற்றுமேடையில் உட்கார்ந்து வேலை செய்திருப்பாள், மகள் கடைக்குத் திரும்பியிருப்பாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. அந்த ஆறு மாதத்தை மிச்சம் பிடிக்கப்போய், மகளின் ஆயுள் முழுவதையும் மலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். கட்டிலில் கிடந்தபடி, ஜெனிஸ்டா மலைக்குப் படி ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.