நினைவு மலர்ப் போல்டருக்கு நான் போட்ட பூட்டு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு சிறிய அச்சுக்கோப்புக் கடை இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். செத்தவர்களைப் பற்றி நல்ல தமிழில் எழுதுவதுதான் வேலை. முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலர், ஊரில் கல்வெட்டு என்பார்களே, அதுதான். முன்னால் படம், பிறகு பதிகங்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், கடைசியில் நன்றி நவிலல். பக்கத்து வீட்டுக்காரரோடு ஆயுள் முழுக்க வழக்காடியவரையும் ‘பழகுவதற்கு இனியவர்’ என்று எழுதிக் கொடுப்பேன். பிள்ளைகள் அதை வாசித்துக் கண்ணைத் துடைப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கவில்லை. அப்படி எழுதிய என் மேலும்தான் இருந்திருக்கக்கூடாது. ஆனால் அந்த நாட்களில் என்னைக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

கடையில் கணினி ஒன்று. தொடுகிறவர்கள் மூன்று பேர்: முதலாளி, தட்டச்சு செய்யும் பெண், நான். முதலாளிக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். போன மாதம் செத்தவரின் மலரைத் திறந்து, இந்த மாதம் செத்தவரின் பெயரை அதன்மேல் அடித்து, அப்படியே சேமித்துவிடுவார். பழைய மலர் அதோடு போய்விடும். ஒருமுறை பிள்ளையில்லாத ஒரு எஞ்சினியருக்கு முந்திய ஆளின் பேரப்பிள்ளைகள் அப்படியே தங்கிவிட்டார்கள். நான் கண்டுபிடித்ததால் அந்த மனுசன் சந்ததியில்லாமலே மோட்சம் போனார்.

பிறகு ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் முழுப் போல்டருமே இல்லை.

“இடம் காணாது எண்டு சிவப்பாக் காட்டிச்சுது ஐயா,” என்றார் முதலாளி. “செத்த ஆக்களின்ட பைல்தானே. அவையள் திரும்பி வந்து கேக்கப் போகினமே?”

“அவையள் வராயினம். அவையளின்ட பிள்ளையள் ஆண்டுத் திவசத்துக்கு வருவினம்.”

“வந்தா புதுசா அடிப்பம்.”

“குப்பைக்கூடைக்குள்ள கிடக்குதோ பாப்பம்.”

“அதையும் துடைச்சுப்போட்டன். கடையெண்டால் துப்புரவா இருக்கவேணும்.”

சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு. இந்த மாதிரி மனிதரிடம் எதை விளக்குவது? அன்றே தீர்மானித்தேன். தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் படித்துக்கொண்டு கணினியில் மூன்று தனித்தனிக் கணக்குகள் உண்டாக்கினேன். தலைமைக் கணக்கு எனக்கு. கடவுச்சொல்லும் எனக்கு மட்டுமே தெரியும். முடிந்த மலர்களுக்கென்று ஒரு போல்டர் திறந்து, அதன் பாதுகாப்புப் பகுதிக்குள் போய், மற்ற இருவருக்கும் ‘அழித்தல்’ என்பதற்கு நேரே மறுப்பு என்று அடையாளமிட்டேன். இனி அவர்கள் திறக்கலாம், வாசிக்கலாம், அழிக்க முடியாது.

எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருந்தாலே போதும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். எனக்குப் பிரதி போதவில்லை. என் வேலையில் அவர்கள் கை படக்கூடாது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தட்டச்சுப் பெண் மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். இரண்டு பிள்ளைகளின் தாய். விரல்கள் மழை போல விழும். எழுத்துப் பிழைகளும் அப்படியே. அவரை நான் ஒருநாளும் ‘நீ’ என்று சொன்னதில்லை. “உங்களுக்குத் தமிழ் படிப்பிச்ச புண்ணியவான் இன்னும் உயிரோடை இருக்கிறாரோ? அவருக்கும் ஒரு மலர் அடிப்பம்,” என்பேன். முதலாளி சிரிப்பார். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டு திருத்துவார்.

அப்போதுதான் ஓர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தரின் மலர் வந்தது. மூத்த மகன் விபரங்களைக் கொண்டுவந்து தந்தார். பிள்ளைகள் இரண்டு ஆண்கள். மலரை முடித்து, பூட்டிய போல்டருக்குள் போட்டாயிற்று. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். மத்தியானம் டெலிபோன் அடித்தது.

“ஐயா, நான் அவரின்ட மனுசி கதைக்கிறன். மூத்தவன் தந்த பேருகளில ஒண்டு விடுபட்டுப்போச்சு.”

“விடுபட்டதோ அம்மா, விட்டதோ?”

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் இந்த மாதிரிச் சங்கதிகள் எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒரு மகள். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அதற்குப் பிறகு தகப்பன் அவள் பெயரை வீட்டில் எடுக்க விடவில்லை.

“எழுதுங்கோ ஐயா. எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கிறா.”

“மகனிட்டை ஒரு சொல்லுக் கேக்கத் தேவையில்லையோ?”

“அவனைப் பெத்தது நான்தான். எழுதுங்கோ. அவனுக்குச் சொல்லவேண்டாம். புத்தகம் வந்த பிறகு பாக்கட்டும்.”

அந்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டேன். துண்டைத் தட்டச்சுப் பெண்ணிடம் கொடுத்து, மலரைத் திறந்து சேர்க்கச் சொன்னேன். அவர் சேர்த்தார். நானே பின்னால் நின்று திரையில் பார்த்தேன், சரியாக இருந்தது. என் கதிரைக்குத் திரும்பிவிட்டேன்.

“சேர், சேவ் பண்ணப் போனா ஏதோ இங்கிலீஷ்ல வருது. வந்து பாருங்களேன்.”

“அது நான் வைச்ச பாதுகாப்பு. உங்களை மாதிரி ஆக்கள் அழிக்காமல் இருக்கிறதுக்கு. ஓகேயை அமத்திப்போட்டு மூடுங்கோ.”

“அப்ப சேவ் ஆகிடுமா சேர்?”

“ஆகும்.”

எழுந்து நாலு அடி நடக்க எனக்கு மனமில்லை. மறுநாள் என் கணக்கிலிருந்து கோப்பை எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல் புறக்கோட்டை அச்சகத்தில் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்கு நானும் போனேன். என் எழுத்தை ஆட்கள் வாசிப்பதைப் பார்க்க எனக்கு ஆசை. கடைசி வரிசையில் அந்த மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். புத்தகம் கையில் வந்ததும் நேரே குடும்பப் பக்கத்தை எடுத்தாள். விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தாள். மறுபடியும் வந்தாள். பிறகு புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, பந்திக்கு நிற்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை தாய் டெலிபோன் எடுத்தார். “மகன் அறிஞ்சு வேண்டாமெண்டு சொன்னவனோ ஐயா? உண்மையைச் சொல்லுங்கோ.”

“இல்லை அம்மா. டைப் அடிக்கிற பிள்ளை விட்டிட்டுது.”

அதையே முதலாளி முன்னிலையில் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். “நான் சேர்கிட்ட கேட்டேனே, சேவ் ஆகுமான்னு,” என்றார் அவர். “என்ன கேட்டனீங்கள்? எனக்கு ஞாபகமில்லை,” என்றேன். ஞாபகம் இருந்தது. அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார், அடுத்த நாள் வரவில்லை. முதலாளி, “நல்லதாப் போச்சு,” என்றார். நானும் தலையாட்டினேன்.

என் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது சில வாரங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலாளி தன் கணக்கில் கணினியைத் திறந்து வைத்திருந்தார். நான் அதிலேயே ஒரு பழைய மலரைத் திருத்திச் சேமிக்கப் போனேன். அதே ஆங்கில வாசகம். இந்தமுறை வாசித்தேன்: உங்களுக்கு அனுமதியில்லை. ஓகேயை அமத்தி, மூடி, திரும்பத் திறந்தேன். திருத்தம் இல்லை. காரணமும் பிறகு அறிந்தேன். அந்த மென்பொருள் சேமிக்கும்போது புதிதாக ஒரு கோப்பை எழுதி, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். அழிக்க உரிமையில்லாதவருக்கு அதுவும் முடியாது. மடையர்களிடமிருந்து காப்பாற்ற நான் போட்ட பூட்டு அது. அந்தக் கடையில் பெரிய மடையன் கடவுச்சொல் வைத்திருந்தவன்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மறுப்பு அடையாளத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். ஆண்டுத் திவச அழைப்பிதழ் அடிக்க அந்தத் தாயே கடைக்கு வந்தபோதுதான் என்னால் சும்மா இருக்க முடியாமல் போனது. “மகள் என்னோடை கதைக்கிறேல்லை,” என்றார். “டைப் அடிச்சவ விட்டிட்டா எண்டு சொன்னன். ‘எந்த டைப்காரி சரியா என்ர குடும்பத்தை மட்டும் பாத்து விடுவா, நீங்க சொல்லவேயில்லை’ எண்டு போனை வைச்சிட்டாள்.” அப்போதே சொல்லியிருக்கலாம். அழைப்பிதழுக்கு என்ன நிறம் என்று கேட்டேன்.

அவர் போன பிறகு மலரைத் திருத்தி, ஒரே ஒரு பிரதி அச்செடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முதலில் தட்டச்சுப் பெண்ணைப் பார்த்தேன். அங்கே ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வரும்படியும் சொன்னேன்.

“வேணாம் சேர். நீங்க வாங்கோ போங்கோன்னு மரியாதையாவே ஏசுவீங்க. இங்க வாடி போடிதான், ஆனா ஏச மாட்டாங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் அடையாள அட்டையை வாங்கினார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

மகளின் வீடு மூன்றாம் மாடியில். அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

“அம்மா என்ன சொன்னவ? அப்பிடியே சொல்லுங்க.”

“எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கிறா, எழுதுங்கோ எண்டவ. உங்கட அவரின்ட முழுப்பேரையும் ஆறுதலாச் சொன்னவ, பிழை விடாமல் எழுதவேணும் எண்டு.”

“அவரின்ட பேரை அம்மா வாயால சொன்னவவா?”

“ஓம்.”

நான் நீட்டிய புத்தகத்தை வாங்கிக் குடும்பப் பக்கத்தை எடுத்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“எனக்கு வேணாம். அண்ணாக்கிட்ட குடுங்க. அம்மா ஒளிச்சு ஒரு கோல் எடுத்தது எனக்குக் காணாது. அண்ணாக்கு முன்னால சொல்லுவாவா? அதுதான் எனக்குத் தெரியணும்.”

பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும்போது, இதைக் கொடுக்காமலே இருக்கலாம் என்று பலமுறை நினைத்தேன். தன் பிழையைக் கழுவ ஒரு விதவையை மகனிடம் மாட்டிவிடுகிறவன் என்ன மனிதன்? கொடுக்காமல் விடுகிறவனும் அதே மனிதன்தான். மூத்த மகன் கேற்றைத் திறக்காமல் அதன் மேலாகவே புத்தகத்தை வாங்கினார். பக்கத்தைக் கண்டதும் முகம் கறுத்தது.

“இதை ஆர் போடச் சொன்னது?”

“பிழை முழுக்க என்ரதான். முதல் புத்தகத்திலேயே இது வந்திருக்கவேணும்...”

“நான் பிழையைக் கேக்கேல்லை. ஆர் போடச் சொன்னது எண்டு கேட்டனான்.”

நான் வாய் திறக்குமுன் வீட்டுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. தாய் விறாந்தைக்கு வந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“நான்தான் சொன்னனான்,” என்றார். “கேற்றைத் திற. இனி உன்ர போனை எடுத்துத் தங்கச்சிக்கு அடிச்சுத் தா. நீ பக்கத்தில நிக்கக் கதைக்கவேணும்.”