அம்மா வைத்த பேர்

பச்சை நிறக் கம்பளிச் சால்வை அது. பெங்களூர்க் குளிருக்கு மார்கழியில் போர்த்தினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அம்மாவோ சித்திரை வெயிலில், முகமெல்லாம் வியர்க்க, அதைப் போர்த்திக்கொண்டு ஆஸ்டின் டவுன் குழாயடியில் நின்றாள். கேட்டவர்களிடம் "நெஞ்சுல சளிக்கா" என்றாள். அதை நம்பி, பக்கத்து வீட்டு பீபியம்மா மிளகுக் கஷாயம் கொடுத்தனுப்பினார். அம்மா அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

அந்தச் சளி ஏழாம் மாதத்தில் வெளியே தெரிந்துவிட்டது. அறுபதுகளின் தொடக்கம், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, நாற்பது தாண்டிய அம்மா முழுகாமல் இருந்தாள். "பொண்ணுக்குத் தொட்டில் கட்டற வயசுல தனக்குக் கட்டிக்கிறா" என்று தெரு சிரித்தது. எனக்கென்னவோ குதூகலம்தான். அம்மாதான் குன்றிப்போனாள். சம்பந்தியம்மா இதைச் சாக்கிட்டு என் கல்யாணத்தை நிறுத்திவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். தம்பி பிறந்த பிறகும் கோயிலுக்கு வர மறுத்தாள். "ஞானஸ்நானத்த வீட்லயே வெச்சுக்கலாங்க. சம்பந்தியம்மா முன்னால எப்படி நிப்பேன்?" என்று அப்பாவிடம் அழுதாள்.

அம்மாவிடம் பேசப் போதகர் ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார். எபிரேயம் படித்தவர். பைபிளில் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்ற சாராளை அம்மாவுக்கு நினைவுபடுத்தினார். "அந்தப் பிள்ளை ஈசாக்கு. எபிரேயத்துல 'சிரிப்பான்'னு அர்த்தம்மா. அரமேயம் பேசினவங்க வாயில இஸ்ஹாக் ஆயிடுச்சு."

"எங்க மாமுவும் இஸ்ஹாக்தான்!" என்றார் வாசலில் நின்ற பீபியம்மா.

அடுத்த ஞாயிறு அம்மா சால்வையில்லாமல் கோயிலுக்குப் புறப்பட்டாள். தாத்தாவின் பேரான சாமுவேலை வைப்பதென்று அப்பா முடிவு செய்திருந்தார். "பிள்ளையின் பேர் என்ன?" என்று போதகர் கேட்டார். அப்பா வாயைத் திறக்குமுன், கோயில் முழுக்கக் கேட்கும்படி அம்மா சொன்னாள்: "ஈசாக்கு!"

முதலில் சிரித்தது போதகர். பிறகு கோயிலே சிரித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்த சம்பந்தியம்மா, எழுந்துவந்து பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அந்த ஒரு நொடியில் அம்மாவுக்குப் பத்து வயது குறைந்ததை நான் பார்த்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் முறைத்துக்கொண்டு வந்த அப்பாவிடம், "சிரிக்கிறவங்க இனிமே எம்புள்ள பேரச் சொல்லியே சிரிக்கட்டுங்க" என்றாள்.

சால்வை இப்போது என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் ஈசாக்குக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அதில் சுற்றித்தான் எடுத்துவந்தோம்.

"மூஞ்சில சிரிப்பே காணோமேக்கா" என்று கவலைப்பட்டான் தம்பி.

பிறந்து மூன்று நாள்தானே. சிரிப்பாள்.